துபாஷிக்குத் தமிழ் தெரியாது

‘புதுச்சேரி’ என்ற சொல்லைத் திருப்பிப் போட்டால் என்ன வரும்?

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதைத்தான் பயிற்சியாகக் கொடுத்தேன். வாரநாட்களில் நான் சம்பளத்துக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஞாயிறு காலைகளில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு மாடி அறையில், கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித்தருகிறோம். ஒரு சொல்லை வாங்கி அதன் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலாக அச்சிடுவது எல்லா கம்ப்யூட்டர் லேபிலும் முதல் மாதத்தில் வரும் பயிற்சி. “உங்க ஊர்ப் பேரைப் போட்டுப் பாருங்க” என்றேன். எல்லோரும் ஆங்கிலத்தில் அடித்தார்கள். பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்த ஒரு பெண் மட்டும் தமிழில் அடித்தாள்.

ஒழுங்காகத் திருப்பினால் ரி, சே, ச், து, பு என்று வரவேண்டும். திரையில் முதலில் ஒரு புள்ளிவட்டம் வந்தது, அதன் மேல் அநாதையாக ஒரு மேல்விலங்கு. அதற்குப் பின்னால் ‘ரேச்சுதுப’. உயிர்க்குறிகள் எல்லாம் ஒரு வீடு தள்ளிப்போய் அடுத்தவன் தலையில் உட்கார்ந்திருந்தன.

“அண்ணா, நான் தப்பா டைப் பண்ணிட்டேனா?”

“இல்லம்மா. இங்கிலீஷ்லயே போட்டுடு, சரியா வரும்.”

அழித்துவிட்டு ஆங்கிலத்தில் போட்டாள். சரியாக வந்தது. நான் அடுத்த பையனிடம் போய்விட்டேன்.

அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதுதான் வீட்டுக்குப் போன பிறகு உறுத்தியது. அவள் நிரலில் தப்பில்லை, தட்டச்சில் தப்பில்லை. தப்பு கருவியில் இருந்தது. அதைச் சொல்லாமல் அவளுடைய மொழியை மாற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பத்து வருடமாகத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இது. கருவி தடுக்கினால் ஆளைத் திருத்து. இந்தக் கட்டுரை அந்தப் பழக்கத்துக்கு எதிரானது. அதனால் முதலில் எனக்கு எதிரானது.

*

நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். கணினி அறிவியல் படிக்காதவர்களுக்கும் இது புரியும், ஏனென்றால் விஷயம் ஒன்றாம் வகுப்புப் பாடம்.

‘புதுச்சேரி’யில் எத்தனை எழுத்து? பு, து, ச், சே, ரி. ஐந்து. எந்தத் தமிழ்க் குழந்தையைக் கேட்டாலும் ஐந்து. சி மொழியின் வழக்கமான நீள அளவையைக் கேட்டால் 30 என்கிறது. அது யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 10 என்கிறது. அது யூனிகோட் குறியெண்களை எண்ணுகிறது: ப ஒன்று, கீழ்விலங்கு ஒன்று, த ஒன்று, மறுபடி கீழ்விலங்கு ஒன்று என்று. 2014-இல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி மட்டும் 5 என்கிறது. மனிதக் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதையே அது ஓர் எழுத்து என்று எண்ணுகிறது. ஒரே சொல்லுக்கு 30, 10, 5 என்று மூன்று கருவிகள் மூன்று பதில் சொல்கின்றன.

எண்ணிக்கையில் குழப்பம் வந்தால்கூடப் பரவாயில்லை. பைத்தானில் ‘இஸ்ஆல்ஃபா’ என்று ஒரு கேள்வி உண்டு. இந்தச் சொல் முழுக்க எழுத்துகளால் ஆனதுதானா என்று அது சோதிக்கும். ‘தமிழ்’ என்று கொடுத்துப் பாருங்கள். ஃபால்ஸ். இல்லை என்கிறது. ‘மரம்’? இல்லை. ‘புதுச்சேரி’? இல்லை. ‘அகல’ என்று கொடுத்தால் ஆமாம் என்கிறது. அதாவது உயிரெழுத்தும் அகரம் ஏறிய மெய்யும் அதற்கு எழுத்து. வேறு உயிர்க்குறியோ புள்ளியோ சேர்ந்துவிட்டால் எழுத்தில்லை. ‘தமிழ்’ என்பது எழுத்துகளால் ஆன சொல் இல்லை என்று, உலகத்தில் பள்ளிக்கூடம்தோறும் சொல்லிக்கொடுக்கப்படும் ஒரு நிரல்மொழி நேருக்கு நேராகச் சொல்கிறது.

இன்னொன்று. உரையிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க எல்லோரும் எழுதுவது ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’. பைத்தானுடன் வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் லைப்ரரியில் இதை வைத்து ‘புதுச்சேரி’யைத் தேடினால் கிடைப்பது ஒரு சொல் இல்லை, ஐந்து துண்டு: ப, த, ச, ச, ர. உயிர்க்குறி, புள்ளி எல்லாம் உரித்துப் போட்ட எலும்புகள். இந்த ஒரு வரியை நம்பித்தான் எத்தனையோ தேடல் பெட்டிகளும் சொல் எண்ணிகளும் கட்டப்பட்டிருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் அதுவும் கிடைக்காது. அங்கே ‘டபிள்யூ’ என்றால் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதே பைத்தான் 2008-இல் மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க விடுகிறது. ‘தமிழ்’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், ஓடும். பெயராக ஏற்றுக்கொள்கிறது, எழுத்தாக ஏற்றுக்கொள்ளவில்லை. விருந்தாளியைத் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுக்கிற கதை.

கூகுளிலிருந்து 2009-இல் வந்த கோ மொழியில் திண்ணையும் கிடையாது. ஒரு பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் வரலாம், ஒட்டுக்குறிகள் வரக்கூடாது என்பது அதன் விதி. ‘விலை’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் கம்பைலர் மறுத்துவிடும். இன்னொரு விதியும் உண்டு. ஒரு தொகுப்பிலிருந்து வெளியே தெரியவேண்டிய பெயர் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆக, குறியே இல்லாத ஒரு தமிழ்ப் பெயரைத் தேடிப் பிடித்து வைத்தாலும், முன்னால் ஆங்கில எழுத்து ஒன்றை நிறுத்தாமல் அது வாசலைத் தாண்டாது. இந்த விதிகள் சில மொழிகளை வெளியே நிறுத்துகின்றன என்று கோ-வின் கேள்வி-பதில் பக்கமே ஒப்புக்கொள்கிறது. இதில் என்ன முரண் என்றால், கோ-வை உருவாக்கிய மூவரில் இருவர் கென் தாம்சனும் ராப் பைக்கும். 1992-இல் யுடிஎஃப்-8 முறையைக் கண்டுபிடித்தவர்கள். இன்று இணையத்தில் நீங்கள் தமிழ் வாசிப்பதே அவர்கள் புண்ணியத்தில்தான். அவர்களுக்குத் தமிழ்மேல் பகையா? இல்லை. அந்த விதியை எழுதும்போது அறைக்குள் ‘விலை’ என்று எழுதிப் பார்க்க யாரும் இல்லை. அவ்வளவுதான்.

*

இந்த இடத்தில் நம் ஆட்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வேறு தெருவில்.

சண்டை இதுதான். ஒரு கட்சி, தமிழிலேயே ஒரு நிரல்மொழி வேண்டும், இஃப், எல்ஸ், வைல் எல்லாம் தமிழில் இருக்கவேண்டும் என்கிறது. எதிர்க்கட்சி சிரிக்கிறது. “பாஸ், பைத்தான்ல மொத்தமே முப்பத்தஞ்சு கீவேர்டு. கோ-வுல இருபத்தஞ்சு. இதை மனப்பாடம் பண்ண முடியாதவன் எதுக்கு கோடிங் பக்கம் வரணும்?” உடனே முதல் கட்சி இவரைத் தமிழ்த் துரோகி என்கிறது, இவர் அவரை வெட்டி உணர்ச்சிக்காரர் என்கிறார். இரண்டு கட்சிக்கும் மனசு நிறைந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் ‘ரேச்சுதுப’தான் வருகிறது.

தமிழ் நிரல்மொழி என்றால் நினைவுக்கு வருவது முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’. 2009-லேயே அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர் அவர். நான் எழிலைக் கேலி செய்யப்போவதில்லை. அதில் யோசனை இருக்கிறது. நிபந்தனையை முதலில் எழுதிவிட்டுப் பிறகுதான் ‘ஆனால்’ என்று போடவேண்டும். தமிழ் வாக்கியம் நிற்கிற மாதிரியே நிற்கும். ஆனால் ‘பதிப்பி’ என்ற ஏவல் மட்டும் ஆங்கில வரிசைப்படி முன்னால் வந்து நின்றுவிடும். தமிழில் வினை கடைசியில் வரவேண்டிய ஆள். வினை கடைசியில் வரும் நிரல்மொழி வேண்டுமென்றால் சார்ல்ஸ் மூர் 1970 வாக்கில் செய்துவைத்த ஃபோர்த் இருக்கிறது. 3, 4, கூட்டு என்ற வரிசையில்தான் அதில் எழுதவேண்டும். சொற்களை மாற்றினால் மொழி மாறிவிடாது என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குத் தெரியாது.

கீவேர்டை மொழிபெயர்ப்பது இந்தத் தொழிலிலேயே மிக எளிய வேலை. 1952-இல் ‘கம்பைலர்’ என்ற பெயரில் முதல் கருவியைச் செய்த கிரேஸ் ஹாப்பர், சில வருடம் கழித்துத் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு செயல்விளக்கம் காட்டினார். ஒரே நிரலை ஆங்கிலச் சொற்களிலும், பிரெஞ்சுச் சொற்களிலும், ஜெர்மன் சொற்களிலும். கணினிக்கு மூன்றும் ஒன்றுதான், சொற்பட்டியலை மாற்றினால் போதும் என்று காட்டுவது அவர் நோக்கம். பிலடெல்ஃபியாவில் செய்த ஓர் அமெரிக்க இயந்திரத்துக்குப் பிரெஞ்சு எப்படித் தெரியும் என்று மேலதிகாரிகள் ஆடிப்போய்விட்டார்கள். இனிமேல் ஆங்கிலம் மட்டும்தான் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுபது வருடமாகிறது. அன்றைக்கே தீர்ந்த ஒரு தொழில்நுட்பக் கேள்வியைத்தான் நாம் இன்னும் புரட்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதே முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ‘ஓபன்-தமிழ்’ என்று ஒரு பைத்தான் லைப்ரரி செய்திருக்கிறார்கள். அதனிடம் ‘புதுச்சேரி’யைக் கொடுத்தால் பு, து, ச், சே, ரி என்று ஐந்து எழுத்தாகப் பிரித்துக் கையில் கொடுக்கும். திருப்பிப் போட்டால் ஒழுங்காகத் திரும்பும். எழிலைப் பற்றி மேடையில் பெருமையாகப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓபன்-தமிழைப் பற்றி ஒருவர் பேசிக் கேட்டதில்லை. கொடியேற்றினால் கூட்டம் வரும், சாக்கடை அடைப்பு எடுத்தால் வராது.

*

இந்தச் சண்டையை ஏற்கெனவே போட்டு முடித்த ஒரு நாடு இருக்கிறது. அந்த நாட்டின் தெருப்பெயர்ப் பலகைகள் என் ஊரில் இன்னும் தமிழோடு சேர்ந்து தொங்குகின்றன.

தங்கள் மொழியைக் காப்பதில் பிரெஞ்சுக்காரர்கள் அளவுக்குப் பிடிவாதக்காரர்கள் குறைவு. கம்ப்யூட்டர் என்ற சொல்லே வேண்டாம் என்று 1955-இல் ஐபிஎம்மின் பிரெஞ்சுக் கிளை, லத்தீன் பேராசிரியர் ழாக் பெரேயிடம் கேட்டு ‘ஓர்தினாத்தர்’ என்ற சொல்லை வாங்கியது. அது நிலைத்தது. 1970-களில் பிரெஞ்சுப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க எல்எஸ்இ என்று ஒரு நிரல்மொழியே செய்தார்கள். இஃப், தென், எல்ஸ் இடத்தில் ஸி, அலோர், ஸினோன். அரசின் ஆதரவும் இருந்தது. எங்கே இப்போது எல்எஸ்இ? பிரெஞ்சு நிரலாளர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் விழிப்பார்கள். அதே பிரான்ஸிலிருந்து வந்து உலகம் சுற்றிய ப்ரோலாக், ஓகேமல் ஆகியவற்றைப் பாருங்கள். ஓகேமலின் கீவேர்டுகள் லெட், மேட்ச் என்று சுத்த ஆங்கிலம்.

அப்படியானால் பிரெஞ்சு தோற்றுவிட்டதா? கீவேர்டில் தோற்றது. ஆனால் ‘எ’ ஒலிக்கு அவர்கள் எழுதும், தலையில் கோடு போட்ட அந்த எழுத்தைப் பைத்தானிடம் கொடுத்து, இது எழுத்தா என்று கேளுங்கள். ட்ரூ. கோ மொழியில் அதை வைத்துப் பெயர் வைக்கலாம். அதற்குப் பெரிய எழுத்து வடிவமும் இருப்பதால் வெளியேயும் அனுப்பலாம். பிரெஞ்சுக் குழந்தை தன் ஊர்ப்பெயரைத் திருப்பிப் போட்டால் அது ஒழுங்காகத் திரும்பும். தான் தப்பாக டைப் செய்துவிட்டோமா என்று அந்தக் குழந்தை யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. சொற்பட்டியல் போனது, எழுத்து தங்கியது. நாம் போகிற போக்கில் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடுவோம்.

எழுத்தோடு இன்னொன்றும் அவர்களுக்குத் தங்கியது. அதைச் சொல்ல நான் ரங்கப்பிள்ளை வீதிக்குப் போகவேண்டும்.

அங்கேதான் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. துய்ப்ளேவின் தலைமைத் துபாஷி. 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். துபாஷி என்றால் இரண்டு மொழிக்காரன். கவர்னருக்குத் தமிழ் தெரியாது, நெசவாளிக்கும் வியாபாரிக்கும் பிரெஞ்சு தெரியாது, நடுவில் இவர். கம்பைலர் எனக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நிற்கும் துபாஷி. நான் எழுதுவதை இயந்திரத்தின் மொழியில் சொல்வது அதன் பாதி வேலை. மனு தள்ளுபடியானால், ஏன் தள்ளுபடியானது என்று மனுக்காரனுக்கு விளங்கும்படி சொல்வது மீதிப் பாதி. நிரல் எழுதக் கற்றுக்கொள்கிறவனுக்கு முதல் ஆறு மாதம் அந்த மீதிப் பாதிதான் வாத்தியார். கீவேர்டை ஒருமுறை மனப்பாடம் செய்தால் போதும். பிழைச்செய்தியை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும் படித்தாகவேண்டும். அது முப்பத்தைந்து சொல் இல்லை. வாக்கியம் வாக்கியமாக வரும் ஆங்கிலம், அதுவும் வக்கீல் நோட்டீஸ் மாதிரியான ஆங்கிலம்.

என் லினக்ஸ் கணினியில் ஒரு சோதனை செய்தேன். அரைப்புள்ளி விட்டுப்போன ஒரு சி நிரல். மொழிக்கோப்புகளை நிறுவிவிட்டு, கணினியின் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றி ஜிசிசி கம்பைலரிடம் கொடுத்தேன். பிரெஞ்சில் திட்டியது. தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் திட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய ஊரில் உட்கார்ந்திருக்கிறேன். என் மேசைமேல் இருக்கும் துபாஷிக்கு இன்னும் பிரெஞ்சு தெரிகிறது, தமிழ் தெரியாது. ஜிசிசியின் செய்திகள் வியட்நாமியத்தில் இருக்கின்றன, இந்தோனேசியத்தில் இருக்கின்றன, துருக்கியில் இருக்கின்றன. யாரும் தடுக்கவில்லை. அது கட்டற்ற மென்பொருள். ஒரு கோப்பில் ஆங்கில வரி, அதன் கீழே உங்கள் மொழி வரி, அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு. பல ஆயிரம் வரிகள் உண்டு, சலிப்பூட்டும் வேலை. வியட்நாமியருக்கும் அது சலித்திருக்கும்.

*

இப்போது பதில்கள் வரும். வழக்கமான மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, யூனிகோட் கட்சி. “1991-லேயே நம்மை ஏமாத்திட்டாங்க. க-வுக்கு ஒரு இடம், கி-க்கு இடமில்ல. எல்லாத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.” இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சு எழுத்துக்குத் தனி இடம் உண்டு, நம் உயிர்மெய்க்கு இல்லை. இதற்காகத்தான் எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 என்ற குறியாக்கத்தை 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்தது. ஆனால் உலகம் யூனிகோடில் உட்கார்ந்துவிட்டது. அதே யூனிகோடை வைத்துக்கொண்டு ஸ்விஃப்ட் எப்படி 5 என்று சரியாக எண்ணுகிறது? எந்தெந்தக் குறியெண்கள் சேர்ந்தால் கண்ணுக்கு ஓர் எழுத்து என்ற விதிகளை யூனிகோட் அமைப்பே எழுதி வைத்திருக்கிறது. கருவி செய்கிறவர்கள் அதைப் படித்துச் செயல்படுத்தினால் போதும். 1991-ஐத் திட்டிக்கொண்டே இருப்பது வசதி. நாம் ஒன்றும் செய்யவேண்டியதில்லை.

இரண்டாவது, சோறு கட்சி. “சோறு போடுறது இங்கிலீஷ்தான் தம்பி. புள்ளைங்களக் குழப்பாத.” எனக்கும் சோறு போட்டது அதுதான், மறுக்கவில்லை. ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் நீச்சலையும் சைக்கிளையும் ஒரே நாளில், ஒரே குளத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. ஃபார் லூப் புரியாமல் தடுமாறுகிறானா, ஆங்கில வாக்கியம் புரியாமல் தடுமாறுகிறானா என்று அவனுக்கே தெரியாது. தனக்கு லாஜிக் வராது என்று முடிவுகட்டிவிட்டு வெளியேறுகிறான். என் வகுப்பிலிருந்தே அப்படிப் போயிருக்கிறார்கள். பிழைச்செய்தியை நான் வாய்வழியாகத் தமிழில் சொன்ன மறுநொடி தாங்களே திருத்திக்கொண்ட பிள்ளைகளையும் அதே வகுப்பில் பார்த்திருக்கிறேன். தடை எங்கே இருந்தது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

மூன்றாவது, புதிய கட்சி. “இதெல்லாம் பழைய கதை. இப்பதான் ஏஐ இருக்கே. தமிழ்ல கேளு, கோடு எழுதிக் கொடுக்கும். எர்ரரை ஒட்டு, தமிழ்ல விளக்கும்.” விளக்குகிறது, உண்மைதான். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது எழுதிக்கொடுக்கும் நிரல் யாருடைய நிரலிலிருந்து கற்றது? நம்முடையதிலிருந்து. பெயரைச் சரிபார்க்க ஒரு வரி எழுதித்தா என்று அதைக் கேட்டேன். இஸ்ஆல்ஃபா போட்டுக் கொடுத்தது. தமிழிலேயே கேட்டிருந்தேன், தமிழிலேயே பணிவாக விளக்கமும் தந்தது. தமிழ்ப் பெயரை ஏற்காத நிரலைத் தமிழில் விளக்கும் துபாஷி. பழைய துபாஷியே தேவலை.

*

என் பங்கைச் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை பொய்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையின் பதிவுக் கவுன்ட்டருக்கு மென்பொருள் எழுதினோம். பெயர்ப் பெட்டியைச் சரிபார்க்கும் வரி என்னுடையது. பெயரில் எண்ணோ குறியோ வரக்கூடாது, எழுத்து மட்டும் வரவேண்டும் என்பது விதி. நான் எழுதிய வரி தமிழ் எழுத்தை எழுத்து என்று கருதவில்லை. சோதனை ஓட்டத்தில் கவுன்ட்டர் ஊழியர் தமிழில் அடித்தபோது சிவப்பில் வந்தது: ‘சரியான பெயரை உள்ளிடவும்’. அந்தச் செய்தியைத் தமிழில் வைத்தவனும் நான்தான். கூட்டத்தில் இதை எழுப்பினேன். “இங்கிலீஷ்ல போடச் சொல்லிடுங்க” என்று முடித்தார்கள். நான் தலையாட்டினேன். இரண்டு வரி வேலை. எழுத்தோடு ஒட்டுக்குறியும் வரலாம் என்று சேர்த்தால் தீர்ந்தது.

சில மாதம் கழித்து ஒரு பாட்டிக்கு மூன்று கோப்புகள் இருப்பது தெரியவந்தது. அவர் பெயரில் வரும் ‘த’வுக்கு ஒருமுறை ‘டி’ மட்டும், இன்னொருமுறை ‘டி’யோடு ‘எச்’, மூன்றாம் முறை கடைசியில் ஒரு ‘ஏ’ அதிகம். கவுன்ட்டரில் யார் இருந்தார்களோ அவர்கள் காதில் விழுந்தபடி. எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது ஒரு கோப்பில், இன்றைய மருந்துச்சீட்டு இன்னொரு கோப்பில். பாட்டியை முகத்தால் தெரிந்த செவிலியர் ஒருவர் அன்று பணியில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பாட்டிக்குத் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியும். ஒரே மாதிரிதான் எழுதுவார், அறுபது வருடமாக.

1881-இல் இங்கே பிரெஞ்சு அரசு ஓர் ஆணை கொண்டுவந்தது. சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வருகிறவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ளவேண்டும். ரெனோன்சான் என்று அவர்களுக்குப் பெயர். பலர் பிரெஞ்சுப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வாரிசுகள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்தப் படிவம் நியாயமா அநியாயமா என்று நூறு வருடம் பேசலாம். ஆனால் அதில் ஒரு பேரம் இருந்தது. பெயரைக் கொடுத்தார்கள், உரிமையை வாங்கினார்கள். என் படிவத்தில் பாட்டி பெயரைக் கொடுத்தார். என்ன வாங்கினார்? மூன்று கோப்பு.

ஆகவே இதை வாசிக்கும் நிரலாளர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. தமிழில் புது நிரல்மொழி செய்கிறேன் என்று கிளம்புவதற்குமுன், நீங்கள் ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைத் திறந்து, பெயர்ப் பெட்டியில் உங்கள் அம்மாவின் பெயரைத் தமிழில் அடியுங்கள். தேடுங்கள், வரிசைப்படுத்துங்கள், அதிலிருந்து முதல் எழுத்தை எடுங்கள். ஓரிடத்திலாவது உடையும். உடைந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். உங்கள் நிரலில் இல்லை, அடியில் இருக்கும் லைப்ரரியில் தப்பு என்றால் அங்கே போய்ப் பிழையைப் பதிவுசெய்யுங்கள். நேரம் இருக்கிறவர்கள் ஏதாவது ஒரு கருவியின் பிழைச்செய்திகளில் தினமும் பத்தை மொழிபெயருங்கள். நல்ல தமிழாக இல்லாவிட்டாலும் சரி, பிள்ளைகளுக்குப் புரியும் தமிழாக. கணியம் 2012-இலிருந்து மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி இலவசமாகக் கொடுக்கிறது. பக்கத்தில் விழுப்புரத்தில் விஜிலக் நண்பர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள். தனியாகச் செய்யச் சலிப்பாக இருந்தால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். “போன வாரம் நீ எழுதினது சரி. பைத்தானுக்குத்தான் எழுத்து எண்ணத் தெரியல. நான் தப்பாச் சொல்லிட்டேன்.” ஓபன்-தமிழை நிறுவினோம். புதுச்சேரி ரி, சே, ச், து, பு என்று திரும்பியது. அவள் சிரிக்கவெல்லாம் இல்லை. கொஞ்சநேரம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இது தப்புன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலையாண்ணா?”

சொல்லியிருக்கிறார்கள். 2011-இலேயே அந்த ‘டபிள்யூ’ கோளாறைப் பைத்தானின் பிழைப் பட்டியலில் டாம் கிறிஸ்டியன்சன் பதிவுசெய்தார். பெர்ல் உலகத்துக்காரர், தமிழர் இல்லை. நான் இதை எழுதும் கணினியில் இருக்கும் பைத்தான் இன்னும் ப, த, ச, ச, ர என்றுதான் பிரிக்கிறது. 2011-இல் நான் பொறியியல் கல்லூரியில் இருந்தேன். லேபில் சொற்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் ஆங்கிலத்தில்.

“ஒருத்தர் சொல்லியிருக்கார்” என்றேன்.

“ஒருத்தர்தானா?” என்றாள்.